கணினி மொழிகளின் பெயர்ப் பட்டியல் போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிளஸ் டூ தேர்வு முடிவுகள் வெளியாகிப் பொறியியல் கலந்தாய்வு நெருங்கும் நாட்களில், எந்தக் கணினி மொழியைப் படித்தால் உடனே வேலை கிடைக்கும் என்பதைப் பற்றித் தங்கள் நாளிதழின் கல்விப் பக்கத்தில் தவறாமல் ஒரு கட்டுரை வருகிறது. இந்த ஆண்டும் வந்தது. பைத்தான், ஜாவா, ரியாக்ட், ஏதோவொரு கிளவுட் சான்றிதழ், அவற்றோடு இப்போது செயற்கை நுண்ணறிவுக் கருவிகளிடம் கேட்டு வேலை வாங்கும் பயிற்சி என்று பட்டியல் நீள்கிறது. பெயர்கள் ஆண்டுதோறும் மாறுகின்றன; கட்டுரையின் தொனி மட்டும் மாறுவதே இல்லை. நீலகிரி மலையில் உள்ள கோத்தகிரியில் இருந்துகொண்டு மென்பொருள் எழுதிப் பிழைப்பவன் என்ற முறையில், அந்தப் பட்டியலை மனப்பாடம் செய்யும் மாணவர் இத்தொழிலுக்குத் தயாராகிவிட மாட்டார் என்பதையும், அதை நம்பிப் பணம் கட்டும் மலைப்பகுதிக் குடும்பங்களுக்கு அது பெரும் நட்டமாகவே முடிகிறது என்பதையும் எடுத்துக்கூற விரும்புகிறேன்.

மலைப்பகுதி என்று தனியாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கோவையில் இருக்கும் மாணவர் ஒரு பயிற்சி மையத்தில் சேர்ந்தால் பயிற்சிக் கட்டணத்தோடு போய்விடும். நீலகிரியின் குந்தாவிலிருந்தோ கூடலூரிலிருந்தோ இறங்கிச் செல்பவர் அதே பயிற்சிக்கு விடுதி வாடகை, சாப்பாடு, பேருந்துச் செலவு என்று இன்னொரு மடங்கு செலவழிக்க வேண்டும். அந்தப் பணம் பெரும்பாலும் பச்சைத் தேயிலை விற்ற பணம், இலைக்கு என்ன விலை கிடைக்கிறது என்பதைத் தங்கள் நாளிதழே அடிக்கடி எழுதுகிறது. இப்படிச் செலவழித்துக் கற்றது சில ஆண்டுகளிலேயே வழக்கொழிந்துபோனால், மறுபடியும் இறங்கிப்போய்க் கட்டணம் கட்டிப் புதிதாகப் படிக்க அந்த வீட்டில் வசதி இருக்காது.

வழக்கொழிந்துபோவது என்பது மிகைக்கூற்று அன்று. இணையதளங்களின் முகப்பை எழுத உதவும் ஆங்குலர் ஜேஎஸ் என்ற கருவி 2010இல் வந்தது; அதைக் கற்பிப்பதாக ஒரு காலத்தில் தெருவுக்குத் தெரு விளம்பரப் பலகை தொங்கியது. 2016இல் அதை உருவாக்கியவர்களே அடியோடு மாற்றி எழுதி, பழையதோடு ஒட்டாத புதிய வடிவத்தை வெளியிட்டார்கள். 2021ஆம் ஆண்டு முடிவோடு பழையதற்கான ஆதரவும் நின்றது. இணையதளங்களில் அசைபடமும் விளையாட்டும் ஓட்டிய ஃபிளாஷ் 2020இல் மூடப்பட்டது. பைத்தானின் இரண்டாம் பதிப்பு 2020 ஜனவரியோடு முடிந்தது. இவற்றுக்கு எதிர்ப்புறத்தில், டென்னிஸ் ரிட்சி 1972 வாக்கில் பெல் ஆய்வகத்தில் உருவாக்கிய சி மொழி இன்றும் லினக்ஸ் என்ற இயங்குதளத்தின் கருவில் பெரும்பகுதியாக ஓடிக்கொண்டிருக்கிறது. ஐபிஎம் நிறுவனத்தில் 1974இல் பிறந்த, தரவுத்தளத்திடம் கேள்வி கேட்கும் மொழியான எஸ்க்யூஎல், வங்கிக் கணக்கிலிருந்து ரயில் முன்பதிவுவரை எங்கும் இருக்கிறது. எது நிற்கிறது, எது போகிறது என்பதில் ஓர் ஒழுங்கு தெரிகிறது. கணினியின் அடித்தளத்தை ஒட்டி, ஒரு வேலையை மட்டும் எடுத்துக்கொண்டு அதைத் தெளிவாகச் செய்பவை நிற்கின்றன. அன்றைய அவசரத்துக்காக மேலே பூசப்பட்டவை அடுத்த அவசரத்தில் போகின்றன. இதைத் தங்கள் கல்விப் பக்கம் ஒரு முறையாவது மாணவர்களுக்குச் சொல்லியிருக்கலாம்.

பழையதையே பிடித்துக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்று கேட்பவர்கள் எங்கள் மாவட்டத்தில் உண்டு. 1960இல் உதகையில் நிறுவப்பட்ட, படச்சுருள் தயாரித்த இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலை, டிஜிட்டல் படக்கருவியின் வருகைக்குப் பின் நலிந்து மூடப்பட்டதைக் கண்ணால் கண்டவர்கள் அவர்கள். அந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன். ஆயினும் அதே உதகையில் பிலிமில் படம் பிடித்துப் பழகிய ஸ்டுடியோக்காரர்கள் டிஜிட்டலுக்கு மாறியபோது புதுக் கருவியின் பொத்தான்களைத்தான் கற்றுக்கொள்ள வேண்டியிருந்ததே தவிர, வெளிச்சத்தைப் புதிதாகக் கற்கவில்லை. நான் பழமைக்காக வாதாடவில்லை. கணினித் துறையில் வெளிச்சத்துக்கு நிகரான பகுதி எது என்று கேட்கிறேன்.

அது என்ன என்பதை ஒரு நிகழ்வைக் கொண்டு விளக்குவது எளிது. எங்கள் பக்கத்தில் உள்ள ஒரு தேயிலைத் தொழிற்சாலையில், சிறு விவசாயிகள் கொண்டுவரும் இலையின் எடையைக் கணினியில் ஏற்றி, மாத முடிவில் பட்டுவாடாக் கணக்கு எடுப்பார்கள். ஒரு மாதம் போஜன் என்ற விவசாயியின் கணக்கில் பாதி இலை காணவில்லை. தேடிப் பார்த்தால் மீதிப் பாதி போஜன் என்ற இன்னொருவரின் பெயரில் இருந்தது. அப்படி இன்னொருவர் அந்த ஊரிலேயே இல்லை. (பெயரை மாற்றித்தான் சொல்கிறேன், நீலகிரியின் படகர் சமூகத்தவர் ஊர்களில் இந்தப் பெயருக்குப் பஞ்சமில்லை.) திரையில் இரண்டு பெயர்களும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாகவே தெரிந்தன. கணக்கர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். மென்பொருளை எழுதிக்கொடுத்தவர்கள், கணினியில் வைரஸ் புகுந்திருக்கலாம் என்று தொலைபேசியில் சொல்லிவிட்டார்கள். வழியில் பார்த்த என்னிடம் கணக்கர் கேட்டதால் போய்ப் பார்த்தேன்.

தமிழில் ‘போ’ என்ற எழுத்தைக் கணினி ஒரே துண்டாகச் சேமிப்பதில்லை. பகரம் ஒரு குறியாகவும் அதன்மேல் ஏறும் ஓகாரம் இன்னொரு குறியாகவும் பதிவாகும். அந்த ஓகாரத்தை ஒரே குறியாகவும் எழுதலாம், இரட்டைக் கொம்பு ஒன்றும் துணைக்கால் ஒன்றுமாக இரண்டு குறிகளாகவும் எழுதலாம். உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் குறி வகுக்கும் பொதுத் தரமான யூனிகோட் இரண்டு வழிகளுக்கும் இடம் தருகிறது, இரண்டும் சமம் என்றும் விதித்திருக்கிறது. ஆனால் பெரும்பாலான கணினி மொழிகள் இரு சொற்களை ஒப்பிடும்போது அந்தச் சமத்தைத் தாமாகப் பார்ப்பதில்லை. குறிகளை வரிசையாக வைத்து ஒன்றுக்கொன்று சரிபார்க்கின்றன. முதல் முறையில் போஜன் என்பது ஐந்து குறிகள், இரண்டாம் முறையில் ஆறு. நம் கண்ணுக்கு இரண்டுமே மூன்று எழுத்துகள். அந்தத் தொழிற்சாலையின் பழைய பதிவேடு, யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டுப் பின்னர் ஏதோ ஒரு மாற்றி வழியாக யூனிகோடுக்கு வந்தது. அந்த மாற்றி கொம்பையும் காலையும் தனித்தனியாகவே விட்டிருந்தது. புதிய பதிவுகள் கைப்பேசியில் தட்டியவை. அதில் ஓகாரம் ஒரே குறியாக விழுந்தது. ஆகவே கணினியைப் பொறுத்தவரை இவர்கள் இரண்டு போஜன்கள்.

இதைச் சரிசெய்வதற்கு ஒரே வரி போதும். இரு வடிவங்களையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் வசதி பைத்தானில் உண்டு, ஜாவாவில் உண்டு, ஜாவாஸ்கிரிப்டில் உண்டு. இவற்றில் எந்த மொழியில் எழுதப்பட்டிருந்தாலும் பிழை வந்திருக்கும், எந்த மொழியிலும் தீர்த்திருக்கலாம். உறுப்பினர் எண்ணைக் கொண்டு கணக்கை இணைக்காமல் பெயரைக் கொண்டு இணைத்தது அதைவிட அடிப்படையான கோளாறு; ஒரே ஊரில் ஒரே பெயரில் நாலு பேர் உண்மையாகவே இருக்கும்போது அந்த மென்பொருள் என்ன செய்திருக்கும் என்று எண்ணிப்பார்க்கவே அச்சமாக இருக்கிறது. அதை எழுதியவர்கள் அன்றைய புது ஃபிரேம்வொர்க்கைத்தான் (நிரலுக்கான ஆயத்தச் சட்டகத்தை) பயன்படுத்தியிருந்தார்கள். திரையின் அழகில் ஒரு குறையும் சொல்ல முடியாது. எழுத்துகள் கணினிக்குள் எப்படிச் சேமிக்கப்படுகின்றன, தரவுத்தளத்தில் ஒரு மனிதரை எதைக் கொண்டு அடையாளம் காண்பது ஆகிய இரண்டும் தெரிந்திருந்தால் போதும், ஒரு விவசாயியின் அரை மாதக் கூலி காணாமல் போயிருக்காது.

இவற்றைக் கற்பிப்பதற்கு நம்மிடம் நல்ல தொடக்கம் இருக்கிறது என்பதுதான் வேடிக்கை. தமிழக அரசின் பதினொன்றாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூல் சி பிளஸ் பிளஸ் கற்பிக்கிறது. பன்னிரண்டாம் வகுப்புப் பாடநூல் பைத்தானையும் எஸ்க்யூஎல்லையும் கற்பிக்கிறது. கோத்தகிரி அரசுப் பள்ளியில் அதை ஒழுங்காகப் படித்த மாணவி, பயிற்சி மையத்தின் விளம்பரத் துண்டறிக்கை சொல்வதில் பாதியை ஏற்கெனவே அறிந்தவர். அவர் கல்லூரிக்குப் போனதும் என்ன நடக்கிறது? நான் பார்த்த பல கல்லூரி ஆய்வகங்களில், முப்பது ஆண்டுகளுக்கு முந்தைய டர்போ சி பிளஸ் பிளஸ் என்ற கம்பைலரின் (எழுதிய நிரலைக் கணினி புரிந்துகொள்ளும் வடிவுக்கு மாற்றும் மென்பொருளின்) நீலத் திரை இன்னும் ஒளிர்கிறது. இன்றைய விண்டோஸில் அது நேராக ஓடாது என்பதால், விண்டோஸுக்கு முந்தைய டாஸ் இயங்குதளக் கணினியைப்போல் நடிக்கும் இன்னொரு மென்பொருளுக்குள் அதை ஓட்டுகிறார்கள். சி பிளஸ் பிளஸ்ஸுக்கு 1998இல் உலகத்தரம் வகுக்கப்பட்டபோதே விடைகொடுக்கப்பட்ட ‘ஐஓஸ்ட்ரீம் டாட் எச்’ என்ற முதல் வரியை மாணவர்கள் இன்றும் ரெக்கார்டு நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குகிறார்கள். அந்தக் கம்பைலரில் ஒரு முழு எண் 32,767க்கு மேல் போகாது. அதற்கு மேல் கூட்டினால் எதிர்மறை எண் வந்து நிற்கும். ஏன் என்று கேட்கும் மாணவருக்கு, அது ஓர் எண்ணுக்குப் பதினாறு பிட், அதாவது 0 அல்லது 1 என்ற பதினாறு இலக்கங்கள், மட்டுமே ஒதுக்கிய காலத்துக் கருவி என்று விளக்கினால் அதுவே ஓர் அருமையான பாடமாகியிருக்கும். செய்முறைத் தேர்வு நெருங்குகிறது, நிரலை அப்படியே எழுது என்று சொல்லிவிடுகிறார்கள்.

பேராசிரியர்களை மட்டும் குறைசொல்ல எனக்கு மனமில்லை. ஆய்வகக் கையேட்டில் அப்படித்தான் இருக்கிறது, வெளித்தேர்வாளர் அதைத்தான் கேட்கிறார், எல்லாக் கணினியிலும் அதுதான் நிறுவப்பட்டிருக்கிறது. இலவசமாகக் கிடைக்கும் ஜிசிசி கம்பைலர் 1987இலிருந்தே இருக்கிறது என்றாலும், கையேட்டை மாற்ற ஒரு குழு கூட வேண்டுமாம். ஒருபுறம் காலாவதியான கருவியை விடமறுக்கும் கல்லூரி, மறுபுறம் நேற்று வந்த கருவியைத் தவிர வேறெதையும் மதிக்காத பயிற்சி மையம். இரண்டுக்கும் நடுவில் மாணவர் நான்கு ஆண்டுகளைக் கழிக்கிறார்.

பயிற்சி மையங்களின் புதுமை மோகம் எங்கிருந்து வருகிறது என்றால், எங்கள் தொழில்துறையிலிருந்துதான். வேலைக்கான விளம்பரத்தில் பத்துக் கருவிகளின் பெயரைப் போட்டு, விண்ணப்பத்தில் அந்தச் சொற்கள் இருக்கின்றனவா என்று மட்டும் சல்லடை போடுகிறார்கள். அந்தச் சல்லடையில் தப்புவதற்காக, அலுவலகத்தில் தேவையே இல்லாத இடத்தில்கூடப் புதிய கருவியைப் புகுத்திச் சுயவிவரத்தில் ஒரு வரி சேர்த்துக்கொள்ளும் பொறியாளர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர் அடுத்த நிறுவனத்துக்கு மாறிப்போவார். அவர் புகுத்தியதைப் பராமரிப்பவர் வேறொருவர். பத்தாண்டு பழைய நிரலைப் பொறுமையாகப் படித்து அதில் இருந்த ஓட்டையை அடைத்தவருக்கு ஆண்டு முடிவில் அப்ரைசலில் சொல்லிக்கொள்ள ஒன்றும் இருக்காது. புதிதாக எழுதியவருக்குத்தான் கைதட்டல்.

இந்தப் போக்கின் விளைவை உலகம் சில முறை பார்த்துவிட்டது. 2016 மார்ச்சில், ஒரு சொல்லின் இடப்பக்கத்தில் வெற்றிடம் நிரப்பும் பதினோரு வரி நிரலை அதன் ஆசிரியர் ஒரு பிணக்கில் பொதுக் களஞ்சியத்திலிருந்து நீக்கியபோது, அதன்மேல் அடுக்கடுக்காகக் கட்டப்பட்டிருந்த மென்பொருள்கள் உலகெங்கும் தயாராகாமல் நின்றன. பதினோரு வரியைத் தாமே எழுதிக்கொள்ள யாருக்கும் தோன்றவில்லை. அது தம்முடைய மென்பொருளுக்குள் இருப்பதே பலருக்குத் தெரியவில்லை. 2024இல் நடந்தது இதைவிடக் கடுமையானது. லினக்ஸ் கணினிகளில் பரவலாக உள்ள எக்ஸ்இசட் என்ற சுருக்கு மென்பொருளுக்குள், அதைத் தனியாளாகச் சுமந்து களைத்திருந்தவரின் நம்பிக்கையைப் படிப்படியாகப் பெற்ற ஒருவர் இரகசியக் கதவு ஒன்றை வைத்துவிட்டார். அதைக் கண்டுபிடித்தது பாதுகாப்பு நிறுவனங்களின் விலையுயர்ந்த கருவி எதுவும் அன்று. ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளர், தொலைக் கணினிக்குள் நுழைய வழக்கத்தைவிட ஏறத்தாழ அரை நொடி கூடுதலாக ஆகிறதே என்று ஐயப்பட்டு, அந்த அரை நொடி எங்கே போகிறது என்று அடிவரை தோண்டினார். அரை நொடியைக் கவனிக்கவும் தோண்டவும் தெரிந்தவர் அவர். எந்தச் சான்றிதழ்ப் படிப்பில் அதைக் கற்பிக்கிறார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

செயற்கை நுண்ணறிவே இனி நிரல் எழுதும், ஆகவே இவையெல்லாம் எதற்கு என்று தங்கள் கட்டுரை ஓரிடத்தில் கேட்கிறது. 2021இல் நிரல் எழுத உதவும் கோபைலட் முன்னோட்டமாக வந்து, 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தபின் என் வேலைமுறையும் மாறியிருக்கிறது என்பதை மறைக்க மாட்டேன். சலிப்பூட்டும் நிரலை அது நொடியில் எழுதித் தருகிறது. தெரியாத நூலகத்தின் பயன்பாட்டைக் கேட்டால் பெரும்பாலும் சரியாகவே சொல்கிறது. போஜன் கதையில் வரும் யூனிகோட் சிக்கலைப் பெயர்சொல்லிக் கேட்டால் அதற்கும் தீர்வு சொல்லும். பெயர்சொல்லிக் கேட்கத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். கேட்காதவருக்கு அது தரும் நிரல் சோதனையில் தேறும், திரையில் அழகாக இருக்கும், மாத முடிவில் இலையைத் தொலைக்கும். முன்பு ஒரு புதியவர் நூறு வரி எழுதுவார், மூத்தவர் நூறு வரி படிப்பார். இப்போது புதியவரே ஆயிரம் வரியைக் கொண்டுவந்து கொட்டுகிறார். அவற்றைப் படித்துப் பொறுப்பேற்பது யார் என்ற கேள்விக்கு அலுவலகங்களில் விடை இல்லை. எழுதும் வேலை குறைந்தால் படிக்கும் வேலை கூடும். ஆகவே பிறர் நிரலைப் படிக்கப் பழகுவது இனி முன்னிலும் அவசியம்.

இறுதியாக எங்கள் மலையின் நடைமுறை ஒன்றைச் சொல்ல வேண்டும். ஜூன், ஜூலைக் காற்றில் மரம் சாய்ந்தால் மின்சாரமும் இணையமும் சேர்ந்தே போகும்; ஐப்பசி மழையில் மலைப்பாதையில் மண் சரிந்தால் சொல்லவே வேண்டாம். வீட்டிலிருந்து வேலை செய்யும் எங்களுக்கு, இணையம் இல்லாத நேரத்தில் எந்தக் கருவி கைகொடுக்கிறது என்பது அனுபவத்தில் தெரிந்த செய்தி. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரலில் எழுதத் தொடங்கிய, நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட், ஒரு திட்டத்தின் முழு வரலாற்றையும் நம் கணினியிலேயே வைத்திருக்கிறது. மாற்றங்களைப் பதிவதும், பழையதோடு ஒப்பிடுவதும், தனிக் கிளை பிரிப்பதும் இணையமே இல்லாமல் நடக்கும், அனுப்பும்போது மட்டும் தொடர்பு இருந்தால் போதும். கைப்பேசிகளுக்குள்ளெல்லாம் இருக்கும் எஸ்க்யூலைட் தரவுத்தளம் ஒற்றைக் கோப்பு. பைத்தானின் முழு விளக்க ஏட்டையும் ஒரு முறை இறக்கி வைத்துக்கொள்ளலாம். பழைய மடிக்கணினி ஒன்றில் லினக்ஸ் ஏற்றினால் இவை அனைத்தும் செலவின்றி ஓடும். இதற்கு மாறாக, உள்நுழைவுச் சரிபார்ப்புக்கே இணையம் கேட்டு, ஒரு சிறு பயிற்சித் திட்டத்துக்கு ஆயிரக்கணக்கான கோப்புகளை இறக்கி, இணையம்வழி இயங்கும் மேகக் கணினியில் (கிளவுடில்) மட்டுமே பாடம் நடத்தும் ஏற்பாடுகளைத்தான் பயிற்சி மையங்கள் விற்கின்றன. அவை நகரத்து இணையத்தை எண்ணி வகுக்கப்பட்டவை. அரசுப் பள்ளிகளின் ஹைடெக் லேப் இருக்கும் ஊர்களில், மேலே சொன்ன எளிய கருவிகளைக் கொண்டே பிளஸ் டூ முடிப்பதற்குள் நல்ல அடித்தளம் போட்டுவிடலாம் என்பது என் கருத்து.

ஆகவே தங்களிடம் என் வேண்டுகோள்கள் இவை. கல்விப் பக்கத்தில் எந்த மொழிக்கு எவ்வளவு ஊதியம் என்ற அட்டவணைக்குத் தரும் இடத்தில் ஒரு பங்கையாவது, தரவுத்தளம் எப்படி வேலை செய்கிறது, தமிழ் எழுத்து கணினியில் எப்படிச் சேமிக்கப்படுகிறது, பிழையை எப்படித் தேடுவது என்பன போன்றவற்றை விளக்கும் தொடர்களுக்குத் தாருங்கள். எழுதத் தகுதியானவர்கள் தமிழில் ஏராளமாக இருக்கிறார்கள். கல்லூரி ஆய்வகக் கையேடுகள் ஏன் மாறவில்லை என்று பல்கலைக்கழகங்களைக் கேட்டு ஒரு செய்தி வெளியிடுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, வேலைவாய்ப்புக் கட்டுரை வரும் அதே பக்கத்தின் கீழ்ப்பாதியில் பயிற்சி மையத்தின் விளம்பரமும் வருகிறது. சில நேரங்களில் கட்டுரை எது, கட்டணம் வாங்கிக்கொண்டு வெளியிட்டது எது என்று எங்களால் பிரித்தறிய முடியவில்லை. விளம்பரமாக இருந்தால் ‘விளம்பரம்’ என்று தெளிவான எழுத்தில் மேலே அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகர்,
மென்பொருள் பொறியாளர்,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.